மாற்று மூட்டில் கல்ச்சர் நெகட்டிவ்: தொற்று இல்லை என்று அர்த்தமா?

கேள்வி:
முழங்கால் மாற்று அறுவை முடிந்து 14 மாதம் ஆன நோயாளி. வலி, லேசான வீக்கம், காய்ச்சல் இல்லை. அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனைகளில் சிஆர்பி லிட்டருக்கு 18 மி.கி., இஎஸ்ஆர் 42. மூட்டு நீரில் வெள்ளணு 4,200, அதில் நியூட்ரோஃபில் வகை 84%. கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) 5 நாளில் நெகட்டிவ். தொற்று இல்லை என்று விட்டுவிடலாமா?

பதில் 1:
விடக்கூடாது. மாற்று மூட்டுத் தொற்றைக் கண்டறியும் 2018 மதிப்பெண் முறைப்படி சிஆர்பிக்கு 2, இஎஸ்ஆருக்கு 1, வெள்ளணுவுக்கு 3, நியூட்ரோஃபிலுக்கு 2, மொத்தம் 8. ஆறு வந்தாலே தொற்றுதான். இடையில் யாராவது ஆன்டிபயாடிக் கொடுத்தார்களா என்று கேளுங்கள். கிருமி இருந்தும் கல்ச்சரில் வராத பொய் நெகட்டிவுக்கு அதுதான் முதல் காரணம். நோயாளி நிலையாக இருந்தால் ஆன்டிபயாடிக்கை 2 வாரம் நிறுத்திவிட்டு மறுபடி நீர் எடுங்கள்.

பதில் 2:
ஐந்து நாள் போதவே போதாது சார். கியூட்டிபாக்டீரியம் போன்ற கிருமிகள் மெதுவாக வளரும். ஆக்சிஜன் உள்ள, இல்லாத இரண்டு சூழலிலும் 14 நாள் வைக்கச் சொல்லி லேபுக்கு எழுதிக் கொடுங்கள். மூட்டு நீரை எடுத்த இடத்திலேயே பிளட் கல்ச்சர் பாட்டிலில் செலுத்துங்கள். மூட்டைத் திறந்தால் ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் துடைத்து எடுப்பது) வேண்டாம். 5 இடத்தில் திசு, ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவி, தனி டப்பா. ஒரே கிருமி இரண்டில் வளர்ந்தால் உறுதி. ஒன்றில் மட்டும் தோல் ஸ்டாஃபிலோகாக்கஸ் வந்தால் பெரும்பாலும் வெளியிலிருந்து ஒட்டியது.

பதில் 3:
மாற்று மூட்டைக் கழற்றினால், கழற்றிய உலோகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். கிருமி பயோஃபிலிமாக (மெல்லிய படலமாக) அதில்தான் ஒட்டியிருக்கும். சோனிகேஷன் (ஒலி அலையால் அந்தப் படலத்தைப் பெயர்த்தெடுக்கும் முறை) வசதியுள்ள லேபுக்கு மலட்டு டப்பாவில் அனுப்புங்கள்.