தலையணை கட்டிவிட்ட ஆறு காட்சிகள்

நாடகத்தில் நடிக்காமல் திரைக்குப் பின்னால் நின்று வேலை பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? என் அனுபவத்தை எழுதுகிறேன். உங்களுடையதையும் சொல்லுங்கள்.

நான் இருப்பது நியூ ஜெர்சியில் ஒரு சின்ன ஊர். பழைய தேவாலயக் கூடம் ஒன்றை ஊர்க்காரர்களே அரங்கமாக்கி நடத்துகிறார்கள். யாருக்கும் சம்பளம் கிடையாது. அங்கே 'ஃபன்னி கேர்ள்' இசை நாடகம் போடப் போவதாகவும், தைக்கத் தெரிந்தவர்கள் வேண்டும் என்றும் நூலகத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் போனேன்.

கதை ஃபேனி பிரைஸ் என்ற நகைச்சுவை நடிகையுடையது. 1891-இல் நியூயார்க்கில் பிறந்த யூதப் பெண். 1910-இல், பதினெட்டு வயதில், சீக்ஃபெல்ட் ஃபாலீஸ் மேடைக்குப் போய்விட்டார். அழகிகளை வரிசையாக நிறுத்திக் காட்டுவதற்கே பேர்போன மேடை அது. நம் பக்கம் பெண் பார்த்துவிட்டு வந்து, 'மூக்கும் முழியுமா லட்சணமா இருக்கா' என்பார்களே, அந்த மூக்குதான் இவருக்குக் குறையாகப் பட்டது. பேரும் புகழும் வந்த பிறகும், 1923-இல் அறுவை சிகிச்சை செய்து அதை மாற்றிக்கொண்டார். 1964-இல் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் இதே நாடகத்தில் அவர் வேடத்தில் நடித்தபோது பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்டுக்கு 21 வயது. அவருக்கும் மூக்கைப் பற்றிப் பேச்சு வந்தது, ஆனால் அவர் கத்தி வைக்க விடவில்லை. பெண் பார்க்க வந்த வீடுகளில் என் அக்கா உட்கார்ந்திருந்த மாதிரி எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. அதனால்தானோ என்னவோ, இதைக் கேட்ட அன்றே நாடகம் மனதில் ஒட்டிக்கொண்டது.

எனக்குக் கிடைத்த வேலை ஒரு தலையணை.

நாடகத்தில் ஃபேனியை மணப்பெண்ணாக நிறுத்தி, தன் அழகைத் தானே பாடச் சொல்வார்கள். தான் அப்படிப் பாடினால் கூட்டம் சிரிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் யாரிடமும் சொல்லாமல் கல்யாண கவுனுக்குள் தலையணையை வைத்துக்கொண்டு, நிறைமாத வயிற்றோடு மேடைக்கு வந்துவிடுவாள். எப்படியும் சிரிக்கத்தான் போகிறார்கள், அந்தச் சிரிப்பை நானே வரவழைக்கிறேன் என்பதுதான் அவள் கணக்கு. ஃபேனி எப்படிப் பெரிய நடிகையானாள் என்பது முழுக்க அந்த ஒரு காட்சியில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அதற்கான உடை மாற்ற நாற்பது நொடி. வெல்க்ரோ வைத்தால் இருட்டில் சர்ரென்று சத்தம் கேட்கும். ஊக்கு குத்திவிடும். கடைசியில் என் பாவாடை நாடா இரண்டை எடுத்துத் தலையணையின் நாலு மூலையிலும் தைத்து, முதுகுப்பக்கம் சுருக்கு முடிச்சாகப் போட்டேன். ஓர் இழுப்பில் அவிழும், ஆனால் நடந்தால் நழுவாது. ஒத்திகையில் அதைக் கட்டிக்கொண்டு நடிகையைப் படியேறி இறங்கச் சொல்லி மூன்று தடவை பார்த்தோம்.

அவருக்குப் பகலில் பல் மருத்துவமனையில் உதவியாளர் வேலை. வேலை முடிந்து அதே சீருடையோடு ஓடி வருவார். மேடை நிர்வாகி வந்து, "ஐந்து நிமிடம்" என்றால், எல்லாரும், "நன்றி, ஐந்து" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். காதில் விழுந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். இவர் குரல் மட்டும் அப்போது வெளியே வராது, உதடு அசையும். நாடா கட்டும்போது என் கைமேல் படும் அவர் விரல்கள் ஐஸ் மாதிரி இருக்கும்.

அப்புறம் போவார். பூச்செண்டால் வயிற்றை மறைத்துக்கொண்டு நேராக நடந்து, நடுவில் நின்று, மெல்லப் பக்கவாட்டில் திரும்புவார். ஆறு காட்சியிலும் நான் பக்கத் திரைக்குப் பின்னால் நின்று கேட்டது அந்தச் சிரிப்பைத்தான். வெள்ளிக்கிழமை ஒரே வெடிச் சிரிப்பு. ஞாயிறு மதியக் காட்சிக்கு வயதானவர்கள் நிறைய வந்திருந்தார்கள். முதலில் ஒரே ஒரு பாட்டி சிரித்தார், பிறகு அவர் வரிசை, பிறகு மொத்தக் கூடமும். எத்தனை நேரம் ஆனாலும் இவர் அடுத்த வரிக்குப் போகாமல் நிற்பார். எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "சிரிப்பு இறங்கத் தொடங்கும்போது பேசணும். முழுசா அடங்கவிட்டா மறுபடி ஏத்த முடியாது" என்றார். அவர் நிற்கிற அந்த நேரத்தில் வாத்தியக்காரர்கள் ஒரே துண்டைச் சுற்றிச் சுற்றி வாசிப்பார்கள். பக்கம் தவறிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொள்வேன்.

* * *

அக்கா, அவர்கள் தவறவில்லை. நான் ஓஹாயோவில் இதே மாதிரி ஊர்க்குழு ஒன்றில் கிளாரினெட் வாசிக்கிறேன். அதற்கு வேம்ப் என்று பேர். மேடையில் ஆள் தயாராகும்வரை இசைத்தாளில் இரண்டு மூன்று தாளக் கட்டங்களையே சுற்றிக்கொண்டே இருப்போம். இசைக்குழுவை நடத்துபவர் கை காட்டினால்தான் அடுத்ததற்குப் போவோம்.

இசைத்தாள்கள் வாடகைக்கு வருபவை. பென்சிலில் மட்டும் எழுதலாம், முடிந்ததும் அழித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆனால் எல்லாரும் ஒழுங்காக அழிப்பதில்லை. ஒரு தடவை எனக்கு வந்த தாளில் ஒரு 'வேம்ப்' இடத்துக்கு மேலே, முன்பு வாசித்த யாரோ, 'இங்கே பெரிய சிரிப்பு, பொறுமை' என்று எழுதியிருந்தது மங்கலாகத் தெரிந்தது. எந்த ஊர்க்காரரோ. எங்கள் ஊரிலும் சரியாக அதே இடத்தில்தான் சிரித்தார்கள். நான் வாசித்து முடித்தபின் என் குறிப்புகளை எல்லாம் அழித்தேன், அதை மட்டும் விட்டுவிட்டேன்.

* * *

தம்பி, ரொம்ப நன்றி. அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தத் துண்டு ஏழு சுற்று வந்தது. நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டு எண்ணினேன். அந்தப் பாட்டிக்காகத்தான் நின்றிருக்கிறார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது.