உள்சுவரிலும் சீலிங்கிலும் பெயின்ட் உரிகிறது, சுரண்டிவிட்டு மேலேயே அடிக்கலாமா?

கீழ்வீடு:
வணக்கம். எங்கள் கீழ்த்தளப் படுக்கை அறையில் ஒரு வெளிச்சுவரின் உட்பக்கம், முழங்கால் உயரம் வரை பெயின்ட் செதில் செதிலாக எழும்பி நிற்கிறது. விரல் பட்டாலே உதிர்கிறது. சீலிங்கில் ஒரு மூலையிலும் இதே கதை. முதலில் கொப்புளமாக இருந்தது, இப்போது உரிந்து தொங்குகிறது. அந்த மூலைக்கு மேலேதான் மாடிக் குளியலறை. போன முறை வேலைக்கு வந்தவர் மேலோட்டமாகச் சுரண்டி, இரண்டு கோட் எமல்ஷன் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை.

இந்த முறை நானே செய்யலாம் என்று இருக்கிறேன். முழுச் சுவரையும் சுரண்ட வேண்டுமா, உரிந்த இடம் மட்டும் போதுமா? சுவரை மட்டமாக்கும் பட்டி முதலிலா, பெயின்ட்டுக்கு அடிப்பூச்சான பிரைமர் முதலிலா? ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.

ஜன்னலோரம்:
ஓதம் தடுக்கும் பெயின்ட் என்றே டப்பாவில் வருகிறதே, அதை இரண்டு கோட் அடித்துவிடுங்கள். இவ்வளவு யோசிக்க வேண்டாம்.

பட்டித்தகடு:
ஜன்னலோரம் சொல்வதை இந்தச் சுவருக்குச் செய்யாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சுரண்டியைத் தொடும் முன் கீழே விழுந்த செதில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பெயின்டர் வேலையில் நான் முதலில் பார்ப்பது அதன் முதுகைத்தான். எந்த அடுக்கு கைவிட்டது என்று அதுவே சொல்லிவிடும்.

முதுகில் வெள்ளை மாவு ஒட்டியிருந்தால் அடியில் பழைய சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ இருக்கிறது. சுவரைத் தேய்த்தால் உள்ளங்கையும் வெளுக்கும். மாவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டிய மாதிரிதான் அந்த எமல்ஷன் நிற்கிறது. இங்கே உரிந்த இடத்தை மட்டும் சரிசெய்தால், நாளைக்குப் பக்கத்து இடம் உரியும். ஈர ஸ்பாஞ்சால் துடைத்துச் சுரண்டி, மாவு முழுவதையும் எடுத்தாக வேண்டும்.

செதில் சுத்தமாக வந்து, அடியில் சுவர் வழவழவென்று பளபளத்தால் அது பழைய எண்ணெய் பெயின்ட். உப்புத்தாள் போட்டுப் பளபளப்பைக் கொல்லாமல் மேலே எதுவும் பிடிக்காது. வீடு பழையது என்றால் இங்கே கவனம் வேண்டும், அந்தக் கால எண்ணெய் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. அமெரிக்காவிலேயே 1978-இல்தான் வீட்டு பெயின்ட்டில் ஈயத்தைத் தடை செய்தார்கள். காய்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், நனைத்துத் தேயுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வரக் கூடாது.

முதுகில் மணலும் சிமென்ட் துகளும் ஒட்டி வந்தால், அதோடு சுவரில் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதாவது பூத்திருந்தால், பிரச்சினை பெயின்ட்டில் இல்லை. முழங்கால் உயரம் என்றீர்களே, எனக்கு இந்தச் சந்தேகம்தான். தரையில் இருக்கும் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறுகிறது, கரைந்த உப்பையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. சுவர் முகத்தில் தண்ணீர் ஆவியானதும் உப்பு படிகமாகி, பெயின்ட்டை உள்ளிருந்து தள்ளுகிறது. ஓதத் தடுப்பு பெயின்ட்டால் உட்பக்கத்தை மூடினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். இன்று முழங்காலில் உரிவது அப்புறம் இடுப்பில் உரியும்.

வெளியே போய் அந்தச் சுவரின் அடியைப் பாருங்கள். மண் குவிந்திருக்கிறதா, பூச்செடிக்குத் தினமும் தண்ணீர் விடுகிறீர்களா, மழைநீர்க் குழாய் அங்கேயே கொட்டுகிறதா? உள்ளே பூத்த உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும்.

இனி பட்டியா, பிரைமரா? இருவர் சொன்னதும் சரியாக இருக்கலாம், அவர்கள் வேறு வேறு பட்டியை மனதில் வைத்துப் பேசியிருப்பார்கள். தூளாக வரும் வெள்ளை சிமென்ட் பட்டியை, வெறும் சிமென்ட் பூச்சை லேசாக நனைத்து நேரடியாக இழுக்க வேண்டும். கலந்து டப்பாவில் வரும் அக்ரிலிக் பட்டிக்கு முதலில் ஒரு கோட் பிரைமர். எதுவானாலும் மெல்லிசாக இரண்டு தடவை. தடித்து அப்பினால் வெடிக்கும். காய்ந்த பின் பட்டியின் மேல் பிரைமர் கட்டாயம். விட்டால் பட்டி பார்த்த இடமெல்லாம் திட்டுத் திட்டாகத் தெரியும்.

உரிந்த இடத்தின் ஓரத்தை 80 நம்பர் உப்புத்தாளால் சரிவாக்கிவிட்டுப் பட்டி பாருங்கள். கடைசித் தேய்ப்புக்கு 220. ஒரு விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் மேடு பள்ளமெல்லாம் தெரியும். பகல் வெளிச்சத்தில் தெரியாது.

கீழ்வீடு:
ரொம்ப நன்றி அண்ணா. பார்த்துவிட்டேன். சுவர்ச் செதிலில் மணல், வெள்ளைப் பூப்பும் இருக்கிறது. வெளியே பூச்செடிப் பாத்தி சுவரை ஒட்டியேதான்! சீலிங் செதிலில் வெள்ளை மாவு. அங்கே பழுப்பு வளையமும் இருக்கிறது. சீலிங்கை இப்போதே தொடங்கலாமா?

பட்டித்தகடு:
பழுப்பு வளையம் என்றால் தண்ணீர் வந்திருக்கிறது. மேலே யாரும் குளிக்காத நாளிலும் ஈரம் இருந்தால் தண்ணீர்க் குழாயைச் சந்தேகப்படுங்கள். குளித்த பிறகு மட்டும் ஈரம் என்றால் தரை இணைப்போ வடிகாலோ. அதை அடைக்காமல் பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.

சீலிங்கைக் கட்டையால் மெல்லத் தட்டியும் பாருங்கள். பொள்ளல் சத்தம் கேட்டாலோ, கம்பி போகும் வாக்கில் நேர்க்கோடாக விரிசலும் துருக்கறையும் தெரிந்தாலோ, உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதிக் காங்கிரீட்டைத் தள்ளுகிறது. அது பொறியாளர் வந்து பார்க்க வேண்டியது, கீழே நின்று சுரண்டவே கூடாது.

அப்படி இல்லையென்றால், கசிவு நின்று நன்றாகக் காய்ந்ததும் மாவை எடுத்துவிட்டு, கறை மேல் மட்டும் ஆயில் பிரைமர் அடியுங்கள். தண்ணீரில் கலக்கும் பிரைமர் என்றால், அதைத் தாண்டிப் பழுப்பு மறுபடி வெளியே வரும். மேலே மேட் பெயின்ட் போதும், சீலிங்கில் பளபளப்பு இருந்தால் ரோலர் தடமெல்லாம் தெரியும். கண்ணாடியும் தொப்பியும் போட்டுக்கொள்ளுங்கள்.

சுவருக்கு அவசரம் வேண்டாம். பாத்தியை அகற்றி, உதிர்ந்த பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் சில மாதம் காயட்டும். புதுப் பூச்சு போட்டால் பெயின்ட்டுக்கு முன் 28 நாள் விடுங்கள்.

ஜன்னலோரம்:
எங்கள் வீட்டுச் சுவரில் இப்போது இடுப்பு உயரத்தில்தான் உரிகிறது. சரி, நானும் வெளியே போய்ப் பார்க்கிறேன்.