ஒதெல்லோ: எமிலியா ஏன் வாய் திறக்கவில்லை?

கேள்வி: ஷேக்ஸ்பியரின் "ஒதெல்லோ" நாடகம், 3ஆம் அங்கம், 4ஆம் காட்சி. ஒதெல்லோ பரிசளித்த கைக்குட்டை எங்கே போனது என்று அவன் மனைவி டெஸ்டிமோனா கேட்கிறாள். அதை எடுத்துத் தன் கணவன் இயாகோவிடம் கொடுத்த பணிப்பெண் எமிலியாவே "தெரியாது" என்கிறாள். கடைசி அங்கத்தில் அவ்வளவு துணிச்சலாகப் பேசுபவள் இங்கே இப்படி நடப்பதை மேடையில் எப்படி நம்பவைப்பது?

பதில் 1: கணவன் பலமுறை கேட்டது அது, அவனைத் திருப்திப்படுத்தக் கொடுத்தாள். முக்கியமான காரியத்துக்கு இல்லையென்றால் திருப்பித் தந்துவிடு என்றும் கேட்டாள். அந்தத் தயக்கத்தை அப்போதே காட்டுங்கள். கடைசியில் "கணவனுக்குக் கீழ்ப்படிவது முறைதான், ஆனால் இப்போது இல்லை" என்பாள். அந்த "இப்போது" பலிக்க வேண்டுமானால், முதலில் அவள் கீழ்ப்படிவதைப் பார்வையாளர் பார்த்திருக்க வேண்டும்.

பதில் 2: 4ஆம் அங்கம், 3ஆம் காட்சியை வெட்டிவிடாதீர்கள். மனைவியருக்கும் கணவரைப்போலவே உணர்ச்சி உண்டு என்று அவள் பேசும் நீண்ட பகுதி 1623 பதிப்பில்தான் இருக்கிறது, 1622 பதிப்பில் கிடையாது. எந்தப் பிரதி கையில் இருக்கிறது என்று பாருங்கள். அது போனால் கடைசி வெடிப்பு வானத்திலிருந்து குதித்ததுபோல் இருக்கும்.

பதில் 3: கைக்குட்டை விழும் இடத்தில்தான் பலர் சொதப்புகிறார்கள். ஒதெல்லோ அதைத் தள்ளிவிட வேண்டும், இருவர் பார்வையும் அடுத்தவர் முகத்தில் இருக்க வேண்டும். டெஸ்டிமோனா தானாக நழுவவிட்டால் பழி அவள்மேல் போய்விடும். துணியில் ஸ்ட்ராபெரிப் பூவேலை கடைசி வரிசைக்கும் தெரியட்டும். ஆனால் துண்டு அளவுக்குப் பெரிதாக வேண்டாம், "மிகச் சிறியது" என்று வசனமே இருக்கிறது. 4ஆம் அங்கத்தில் காசியோ சிரித்துப் பேசுவது தன் காதலி பியாங்காவைப் பற்றி, ஆனால் ஒளிந்து கேட்கும் ஒதெல்லோ அது டெஸ்டிமோனாவைப் பற்றி என்று நம்ப வேண்டும், அதுதான் இயாகோவின் திட்டம். ஒதெல்லோ அருகில் நின்றால் பெயர் காதில் விழுந்திருக்குமே என்று பார்வையாளர் நினைப்பார்கள், இயாகோவின் சூழ்ச்சி அங்கேயே கலைந்துவிடும்.