கரிசல் குடும்பம்: தீபாவளி டிக்கெட்

17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு. மாலை 6:12

தாம்பரம் அத்தை: எல்லோருக்கும் வணக்கம். இந்த வருடம் நம் பாப்பாவுக்குத் தலை தீபாவளி. அக்டோபர் 20, திங்கள். அக்காவையும் இங்கே அழைத்துவிடலாம் என்று இருக்கிறேன். ஜூனில் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து எட்டயபுரத்தில் அவளைத் தனியாக விட மனசில்லை. யார் போய்க் கூட்டி வருவது?

ஓசூர் அண்ணன்: அத்தை வருவார்களா?

கோவில்பட்டி சித்தப்பா: அக்கா வராது

தாம்பரம் அத்தை: கேட்டாயா?

கோவில்பட்டி சித்தப்பா: கேட்க வேண்டுமா? தீபாவளி அன்றைக்கு

கோவில்பட்டி சித்தப்பா: தீட்சிதர்

ஓசூர் அண்ணி: யார் தீட்சிதர்? நம் சொந்தமா?

பாப்பா: அக்கா 😂

மதுரை பெரியப்பா: முத்துசுவாமி தீட்சிதர். கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவர். 1775-ல் திருவாரூரில் பிறந்தவர். தியாகராஜரும் சியாமா சாஸ்திரியும் பிறந்த அதே ஊர். இவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் சமஸ்தான வித்வான். வயலினை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர் என்று அவரைத்தான் சொல்வார்கள். கடைசிக் காலத்தில் அண்ணனும் எட்டயபுரம் வந்துவிட்டார். 1835-ல் நரக சதுர்த்தசி அன்று, அதாவது தீபாவளி அன்று, மீனாட்சி மேல் அவர் செய்த கிருதியைச் சீடர்கள் பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது என்பார்கள். சமாதி நம் ஊரில்தான். ஆகவே ஊருக்கெல்லாம் எண்ணெய்க் குளியல், தங்கச்சிக்கு மட்டும் அது திதி நாள். (தொடரும்)

தாம்பரம் மாமா: 🙏

ஓசூர் அண்ணன்: அப்பா, தொடர வேண்டாம். டிக்கெட் விஷயத்துக்கு வருவோம். இப்போதெல்லாம் 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு. அக்டோபர் 17 வெள்ளிக்கிழமை வண்டிக்கு நாளை காலை 8 மணிக்குத் திறக்கும். அத்தை இங்கே வருவதென்றால் அவசரமே இல்லை. தீபாவளிக்கு முன்னால் சென்னை வரும் வண்டி காலியாகத்தான் வரும். நாம் அங்கே போவதென்றால்தான் நெல்லையும் முத்துநகரும் இரண்டு நிமிடத்தில் காலி.

தாம்பரம் அத்தை: நாம் ஏன் அங்கே போகிறோம்? தலை தீபாவளி பெண் வீட்டில்தான்.

நான்: எட்டயபுரமும் உங்கள் பிறந்த வீடுதானே அத்தை

தாம்பரம் அத்தை: மாப்பிள்ளை இந்தக் குரூப்பில் இருக்கிறார். யோசித்துப் பேசவும்.

மாப்பிள்ளை: பரவாயில்லை அத்தை 🙂

மதுரை பெரியப்பா: (தொடர்ச்சி) எட்டயபுரம் வரும் வழியில் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்து, தீட்சிதர் அமிர்தவர்ஷினி ராகத்தில் பாடினார். மழை கொட்டியது. பிறகு அவரே பாடித்தான் நிறுத்த வேண்டியதாயிற்று என்று கதை. நம்புவது நம்பாதது அவரவர் விருப்பம்.

கோவில்பட்டி சித்தப்பா: நம் கிணற்றுப் பக்கமும் ஒரு நடை வந்திருக்கலாம்

ஓசூர் அண்ணன்: 😂😂

கோவில்பட்டி சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மதுரை பெரியப்பா: பார்த்துவிட்டேன்.

தாம்பரம் அத்தை: ஆரம்பிக்காதீர்கள்

ஓசூர் அண்ணி: எந்தக் கிணறு?

பாப்பா: பெரியம்மா வளையல் கிணறு

தாம்பரம் அத்தை: பாப்பா!!

மதுரை பெரியப்பா: தெரியாமல் பேசக் கூடாது. அவளை மதுரைக்கு அனுப்பிப் பாட்டு படிக்க வைக்க அம்மா இரண்டு வளையலை ஒதுக்கி வைத்திருந்தது உண்மை. அந்த வருடம் மழை இல்லை. பருத்தி போய்விட்டது. அப்பாதான் கிணறு வெட்டலாம் என்றார். நான் ஆள் வைத்து மேற்பார்வை பார்த்தேன், அவ்வளவுதான். 60 அடியில் பாறை வந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அவள் ஒரு நாளாவது அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறாளா?

தாம்பரம் அத்தை: இல்லை அண்ணே. அதுதான்.

கோவில்பட்டி சித்தப்பா: 60 இல்லை, 45 அடி

தாம்பரம் மாமா: 🙏

இரவு 7:31

மாப்பிள்ளை: அப்படியானால் பெரிய அத்தை யாரிடம் பாட்டு கற்றுக்கொண்டார்கள்?

கோவில்பட்டி சித்தப்பா: பஞ்சாயத்து ரேடியோவிடம்

நான்: சிலோன் ரேடியோவை விட்டுவிட்டீர்களே

கோவில்பட்டி சித்தப்பா: அதுவும்தான். சினிமாப் பாட்டு என்றால் மட்டமா? அக்காவுக்கு எல்லாம் ஒன்றுதான். பாட்டு முடிந்ததும் என்ன ராகம் என்று சொல்லும். நாங்கள் ஆமாம் என்போம். எங்களுக்கு என்ன தெரியும்.

மதுரை பெரியப்பா: சரியாகச் சொல்ல வேண்டும். வீட்டில் அப்போது ரேடியோ கிடையாது. 1963-ல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்தது. பஞ்சாயத்து ரேடியோவில் கச்சேரி வைத்தால் இவள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே முழுக் கச்சேரியும் கேட்டுவிட்டு வருவாள். குடத்தைக் கீழே இறக்கி வைத்தால் வேடிக்கை பார்க்கிறாள் என்று திட்டுவார்கள். இடுப்பில் இருந்தால் வேலையாகப் போகிறாள் என்று விட்டுவிடுவார்கள். அதற்கும் முன்னால் நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம். அவர் கோவில்பட்டியில்தான் குடியிருந்தார். 1964-ல் அவர் காலமானபோது தங்கச்சிக்குப் பதின்மூன்று வயது. அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. எங்கள் வீட்டில் யாரோ செத்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் வந்து விசாரித்தார்கள்.

பாப்பா: தெலுங்கு கதையைச் சொல்லுங்கள் மாமா

மதுரை பெரியப்பா: தீட்சிதர் குடும்பத்து சுப்பராம தீட்சிதர் எழுதிய சங்கீத சம்பிரதாய பிரதர்சினி 1904-ல் எட்டயபுரத்திலேயே அச்சானது. தெலுங்கு எழுத்து. தமிழில் பிறகுதான் வந்தது. நம் ஊரில் அச்சடித்த புத்தகத்தை நாம் படிக்க முடியவில்லையே என்று நாற்பது வயதுக்கு மேல் தெலுங்கு எழுத்து படித்தாள்.

கோவில்பட்டி சித்தப்பா: வாத்தியார் யார் என்று சொல்லுங்கள் அண்ணே

நான்: மளிகைக்கடை நாயக்கர். பாடத்துக்குக் கூலி, அவர் பேத்திக்குக் கீதம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கோவில்பட்டி சித்தப்பா: சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்தபோதும் சும்மா இருந்ததா? பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கும். சங்கீதத்தின் முதல் பாடமான சரளி வரிசை சொல்லிக்கொண்டேதான் நகர வேண்டும். முட்டை போடும் நாளில் ஜண்டை வரிசை. யாரோ மொட்டைக் கடுதாசி போட்டு விசாரணை வந்தது. விசாரிக்க வந்தவர் உட்கார்ந்து கேட்டுவிட்டு, சாம்பாரில் உப்பு குறைவு என்று மட்டும் எழுதிவிட்டுப் போனார். என் மகளுக்கு இன்றைக்கும் அவித்த முட்டையைப் பார்த்தால் ஸஸரிரி வரும்.

ஓசூர் அண்ணி: எங்கள் சின்னவன் கீபோர்டில் ஒரு பேண்டு வாத்திய மெட்டு வாசிப்பானே, எட்டயபுரம் அத்தை போனில் சொல்லிக் கொடுத்தது. அது இங்கிலீஷ் பாட்டு என்று நினைத்தேன்.

மதுரை பெரியப்பா: நோட்டுஸ்வரம். வெள்ளைக்காரர்களின் பேண்டு மெட்டுகளுக்குத் தீட்சிதர் சமஸ்கிருதத்தில் சாகித்யம் போட்டார்.

ஓசூர் அண்ணி: ஓ, இவர்தானா அவர்

கோவில்பட்டி சித்தப்பா: பேசுவதோடு பேசுவதாக, தீபாவளிக்குச் சேவு யார் யாருக்கு எத்தனை கிலோ? கடலைமிட்டாயும் சொல்ல வேண்டும்.

தாம்பரம் அத்தை: போன தடவை பாகு முறுகி, பல் உடைய இருந்தது

கோவில்பட்டி சித்தப்பா: அது நம் கடைச் சரக்கு இல்லை

தாம்பரம் அத்தை: நீதானே அனுப்பினாய்

பாப்பா: எனக்குக் காரச்சேவு 2 கிலோ. கருப்பட்டி மிட்டாயும்.

நான்: டிக்கெட்??

இரவு 8:20

கோவில்பட்டி சித்தப்பா: குரல் பதிவு (3:41)

கோவில்பட்டி சித்தப்பா: எதிர்வீட்டு அக்கா போனிலிருந்து. அக்காவே பேசியிருக்கிறது.

தாம்பரம் அத்தை: விருந்தாளிகள் இருக்கிறார்கள். யாராவது கேட்டுச் சொல்லுங்கள்.

ஓசூர் அண்ணன்: பஸ்ஸில் இருக்கிறேன்

நான்: கேட்டேன். முதல் இரண்டு நிமிடம் பாட்டு. அப்புறம் “பதிவு ஆகுதா?” அப்புறம் சொன்னது இது: பாப்பாவுக்கும் மாப்பிள்ளைக்கும் சேலை வேட்டி எடுத்து வைத்தாயிற்று, யாராவது வந்து வாங்கிக்கொள்ளட்டும். 20ஆம் தேதி காலையில் சமாதியில் இருப்பேன். மறுநாள் கிளம்பச் சொன்னால் கிளம்புகிறேன். கால் நன்றாகத்தான் இருக்கிறது, இல்லாவிட்டாலும் உட்கார்ந்து பாடக் கால் எதற்கு? சுருதிப் பெட்டி அடாப்டர் கருகிவிட்டது, ஓசூர்க்காரனிடம் சொல்லி ஒன்று வாங்கி அனுப்பு. கடைசியில் கோழி சத்தம்.

தாம்பரம் அத்தை: தீபாவளி முடிந்து மறுநாள் வந்து என்ன செய்வாள்? அவளுக்கு எப்போதும் பாட்டுதான் முதலில். என் கல்யாணத்திலேயே நாதஸ்வரக்காரரிடம் ராகம் தப்பு என்று சண்டைக்குப் போனாள். மேளம் நின்றுபோய், இவர் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். எத்தனை வருடம் ஆனாலும் மறக்குமா?

தாம்பரம் மாமா: தப்பாகத்தான் வாசித்தார்

பாப்பா: அப்பா 😂😂😂

ஓசூர் அண்ணன்: மாமா பேசிவிட்டார்!

மாப்பிள்ளை: அத்தை, தப்பாக நினைக்க வேண்டாம். எனக்கு எட்டயபுரம் பார்க்க ரொம்ப நாளாக ஆசை. பாரதியார் பிறந்த வீடும் அங்கேதானே. எல்லோரும் அங்கேயே கூடினால் என்ன?

மதுரை பெரியப்பா: நல்ல கேள்வி. பாரதி 1882 டிசம்பர் 11. மணிமண்டபம் திறந்தது 1947. நிதி திரட்டியவர் கல்கி. (தொடரும்)

தாம்பரம் அத்தை: மாப்பிள்ளை, உங்கள் வீட்டார் 14 பேருக்குச் சமையலுக்குச் சொல்லி அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

மாப்பிள்ளை: அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுச் சொல்கிறேன்

பாப்பா: கேட்காதீர்கள். போனை எடுங்கள் முதலில்.

தாம்பரம் அத்தை: இங்கேதான் தலை தீபாவளி. அக்கா விஷயம் நாளை பேசிக்கொள்ளலாம். எல்லோரும் சாப்பிடப் போங்கள்.

18 ஆகஸ்ட், திங்கள். காலை 8:06

ஓசூர் அண்ணன்: நெல்லை எக்ஸ்பிரஸ், 17ஆம் தேதி. 6 பேர். 4 ஆர்ஏசி, 2 வெயிட்டிங்.

தாம்பரம் அத்தை: யார் எடுக்கச் சொன்னது???

ஓசூர் அண்ணன்: வேண்டாமென்றால் ரத்து செய்துகொள்ளலாம். எதற்கும் இருக்கட்டும்.

தாம்பரம் அத்தை: எந்த 6 பேர்?

ஓசூர் அண்ணன்: நீங்கள், மாமா, பாப்பா, மாப்பிள்ளை, நான், இவள். சின்னவனுக்கு அரை டிக்கெட் வயது இன்னும் வரவில்லை, மடியில் உட்காருவான். மாப்பிள்ளை வயது 29 என்று போட்டேன்.

மாப்பிள்ளை: 31

நான்: என் பெயர்?

ஓசூர் அண்ணன்: ஒரு டிக்கெட்டில் 6 பேர்தான். நீ முத்துநகரில் பார்.

மதுரை பெரியப்பா: எனக்கு டிக்கெட் வேண்டாம். மதுரையிலிருந்து பஸ்ஸில் போய்விடுவேன். 19ஆம் தேதியே போகலாம் என்று இருக்கிறேன். தீபாவளி அன்றைக்கு நான் அந்தப் பக்கம் போனதே இல்லை.

தாம்பரம் அத்தை: அண்ணே நீங்களுமா? அப்போது இங்கே வருவது யார்?

மாப்பிள்ளை: அத்தை, அம்மா யோசித்துச் சொல்கிறேன் என்றார்கள். பெரிய அத்தை பாடுவது எத்தனை மணிக்கு என்று கேட்டார்கள்.

தாம்பரம் அத்தை: அய்யோ கேட்டேவிட்டீர்களா

தாம்பரம் மாமா: எனக்கு லோயர் பெர்த்

ஓசூர் அண்ணன்: 21ஆம் தேதி ரிட்டன் இந்த 22ஆம் தேதி காலை திறக்கும். அத்தையையும் சேர்த்து எத்தனை பேர் என்று அதற்குள் சொல்லுங்கள்.

தாம்பரம் அத்தை: நான் இன்னும் சரி சொல்லவில்லை

கோவில்பட்டி சித்தப்பா: சேவு கணக்கு இன்றைக்கு வேண்டும்

ஓசூர் அண்ணி: சின்ன மாமா, அந்த அடாப்டர் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா? பெட்டிக்கு அடியில் எழுதியிருக்கும். படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கோவில்பட்டி சித்தப்பா: (படம்)

ஓசூர் அண்ணி: இது மிக்சி