வயர்லெஸ் மைக் பாதி இரவில் நிற்கிறது: கோளாறு செல்லிலா, சார்ஜரிலா?

நாங்குநேரி ஒலிக்காரர் எழுதியது:

அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். நாங்குநேரி, களக்காடு, திசையன்விளை வட்டாரத்துக் கோயில் கொடைகளுக்கு, அதாவது ஊர்க் கோயில் திருவிழாக்களுக்கு, மைக் செட் கட்டும் தொழில் செய்கிறேன். சென்ற வெள்ளிக்கிழமை ஒரு சுடலைமாடன் கோயிலில் கதையைப் பாடி ஆடும் கணியான் கூத்து நடந்தது. நள்ளிரவுப் பூசையான சாமக்கொடை தொடங்குவதற்குச் சற்று முன்பு, கதை உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில், முதன்மைப் பாடகரான அண்ணாவியின் இடுப்பில் கட்டியிருந்த மைக் டிரான்ஸ்மிட்டர் அணைந்துவிட்டது. மகுடப் பறைகள் முழங்கிக்கொண்டிருக்கின்றன, பாட்டு மட்டும் கேட்கவில்லை. நான் ஓடிப்போய் செல் மாற்றுவதற்குள் ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. ஊர்ப் பெரியவர்கள் கடிந்து எதுவும் சொல்லவில்லை என்றாலும் அந்தச் சில நிமிடங்களை என்னால் மறக்க முடியவில்லை.

என்னிடம் நான்கு டிரான்ஸ்மிட்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பென் டார்ச் அளவு ரீசார்ஜ் செல்கள் வேண்டும். 2500 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்ட நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் பதினாறு வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. முதலில் இரவு பத்து மணிக்குப் போட்டால் விடிய விடிய ஓடின. இப்போது சில இரவுகளில் ஒன்றரை மணி நேரத்திலேயே ஏதாவது ஒரு மைக் நின்றுவிடுகிறது. ஒரு கொடையில் அண்ணாவியின் மைக், அடுத்த கொடையில் பின்பாட்டுக்காரரின் மைக் என்று கோளாறு இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. நிற்பதற்குப் பத்து நிமிடம் முன்பு வரை டிரான்ஸ்மிட்டரில் செல்லின் இருப்பைக் காட்டும் மூன்று கோடுகளும் நிறைவாகவே தெரிகின்றன. வீட்டில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் எல்லாச் செல்லும் 1.3 வோல்ட்டுக்கு மேலேயே காட்டுகின்றன.

சார்ஜர் நான்கு செல் போடக்கூடியது. இடப்பக்கம் இரண்டு அறைகளுக்கு ஒரு விளக்கு, வலப்பக்கம் இரண்டு அறைகளுக்கு ஒரு விளக்கு. 500 மில்லி ஆம்பியர் என்று அதன் முதுகில் எழுதியிருக்கிறது. இடப்பக்க விளக்கு பச்சையாக ஐந்தாறு மணி நேரம் ஆகிறது. வலப்பக்கம் நாற்பது நிமிடத்திலேயே பச்சையாகிவிடுவதால் அந்தப் பக்கம் நன்றாக வேலை செய்கிறது என்று எண்ணியிருக்கிறேன். புதிய செல் வாங்குவதா, புதிய சார்ஜர் வாங்குவதா என்று தெரியவில்லை. இரண்டையும் ஒருசேர வாங்கும் நிலையில் இல்லை. வழி சொல்லுங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வியின் கடைசிப் பத்தியிலேயே பாதி விடை இருக்கிறது. தீர்ந்துபோன 2500 மில்லி ஆம்பியர்-மணிச் செல்லை 500 மில்லி ஆம்பியர் வீதம் நிரப்பினால் ஐந்து மணி நேரத்துக்குக் குறைந்து நிரம்ப வழியே இல்லை; இடையில் வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் ஆறு மணி நேரம் வரை ஆகும். அப்படியானால் நாற்பது நிமிடத்தில் உள்ளே போனது எவ்வளவு? ஏறத்தாழ 330 மில்லி ஆம்பியர்-மணிதான். இத்தகைய டிரான்ஸ்மிட்டர் பொதுவாக 150 முதல் 200 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்றரை மணி நேரம் என்று நீங்கள் சொன்னதற்கு மிக அருகில் வந்து நிற்கும். ஆகவே உங்கள் சார்ஜரில் நன்றாக இருப்பது மெதுவாக நிரப்பும் இடப்பக்கம்தான். ஐயப்பட வேண்டியது வலப்பக்கம்.

கோளாறு இடம் மாறுவதற்கும் காரணம் இதுவே. செல்களுக்கு எண் இல்லை. வலப்பக்கத்தில் அரைகுறையாக நிரம்பிய ஒன்றும் இடப்பக்கத்தில் முழுதாக நிரம்பிய ஒன்றும் ஒரே டிரான்ஸ்மிட்டருக்குள் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. எந்த மைக்கில் போகிறது என்பது அன்றன்றைக்குக் கை போன போக்கு. இதில் பெரிய கேடு ஒன்று உண்டு. நிரம்பிய செல் இன்னும் 1.2 வோல்ட்டில் நின்று கருவியை ஓட்டிக்கொண்டிருக்கும்போது, நிரம்பாத செல் ஒரு வோல்ட்டுக்கும் வெகு கீழே இழுக்கப்பட்டுவிடும். மூன்று நான்கு செல்கள் தொடராக உள்ள கருவி என்றால் அந்த நிரம்பாத செல்லின் துருவமே தலைகீழாகிவிடும். சார்ஜரின் குற்றத்தால் நல்ல செல்களும் கெடுவது இப்படித்தான். எனவே உங்களிடம் இரண்டுமே பழுதாகியிருக்கக்கூடும். முதலில் பழுதானது சார்ஜர் என்பது என் எண்ணம்.

மல்டிமீட்டர் 1.3 காட்டுகிறது என்பதை நம்ப வேண்டாம். சுமை இல்லாமல், அதாவது செல்லிலிருந்து மின்னோட்டம் எதுவும் எடுக்காமல் அளந்தால் கெட்ட செல்லும் நல்ல செல் போலத்தான் காட்டும். ஜங்ஷன் பக்கம் ரேடியோ உதிரிப் பொருள் விற்கும் எந்தக் கடையிலும் 2.2 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் கிடைக்கும். அதைச் செல்லின் இரு முனைகளிலும் பத்து விநாடி இணைத்து, மீட்டரின் முனைகளைச் செல்லின் மேலேயே வைத்து அளவு எடுங்கள். ரெசிஸ்டரின் கம்பியில் வைத்து எடுத்தால் கம்பியின் தடையும் சேர்ந்து கணக்கைக் கெடுக்கும். சுமை இல்லாமல் 1.34 இருந்தது சுமையில் 1.31 ஆனால் அரை ஆம்பியருக்குச் சற்று மேல் ஓடுகிறது என்று பொருள், செல்லுக்குள்ளேயே இருக்கும் தடையான உள்தடை 50 மில்லி ஓம் அளவில் வரும், அந்தச் செல்லைக் கூத்துக்குக் கொண்டுபோகலாம். அதுவே 1.33 இலிருந்து 1.14 க்கு விழுந்தால் உள்தடை 350 மில்லி ஓமைத் தாண்டிவிட்டது. அதற்கு எத்தனை முறை சார்ஜ் ஏற்றினாலும் பயன் இல்லை. எல்லாச் செல்களையும் சம அளவு நிரப்பிய பிறகு இதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் காலியான நல்ல செல்லைக் கெட்டதென்று ஒதுக்கிவிடுவீர்கள். ஆதலால் பதினாறையும் இடப்பக்க அறைகளிலேயே இரண்டிரண்டாக நிரப்புங்கள். இரண்டு மூன்று நாள் ஆகும், ஆகட்டும்.

அதற்கு முன்பு ஒவ்வொரு செல்லின் மீதும் அழியாத மையால் எண் எழுதிவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒரே செல்லை நான்கு அறைகளிலும் மாற்றி வைத்தால் அறையின் குற்றம் தெரியும். ஒரே அறையில் பல செல்களை வைத்தால் செல்லின் குற்றம் தெரியும். இரண்டையும் ஒருசேர மாற்றினால் ஒன்றுமே தெரியாது.

மூன்று கோடுகள் தெரிந்தது பற்றியும் ஒரு சொல். சாதாரண ஆல்கலைன் செல் 1.5 இலிருந்து சிறிது சிறிதாக இறங்கும். நிக்கல் செல் பெரும்பாலான நேரம் 1.2 ஐ ஒட்டியே நின்று, கடைசியில் மளமளவென்று சரியும். ஆகவே கோடு குறைவதைப் பார்த்து முன்கூட்டி மாற்றுவது இந்தச் செல்லில் நடக்காது. பல டிரான்ஸ்மிட்டர்களின் மெனுவில் செல்லின் வகையைத் தேர்ந்தெடுக்க இடம் உண்டு. ஆல்கலைன் என்றே விட்டிருந்தால் மாற்றுங்கள், காட்டும் கோடு ஓரளவு உண்மைக்கு அருகில் வரும்.

பாளை ரிப்பேர் மேசை எழுதியது:

மேலே அண்ணாச்சி எழுதியது அனைத்தும் சரி. சார்ஜரைப் பற்றி மட்டும் சேர்த்துச் சொல்கிறேன், ஏனெனில் என் மேசைக்கு வரும் சார்ஜர்களில் பலவற்றில் உள்ளே இருக்கும் மின்சுற்று கெட்டிருப்பதில்லை, செல்லைத் தொடும் தகடுதான் கெட்டிருக்கும்.

இரண்டு அறைக்கு ஒரு விளக்கு என்றால் அந்த இரண்டு செல்களும் தொடராக ஒரே ஓட்டத்தில் நிரம்புகின்றன என்று பொருள். செல் நிரம்பியதை இவ்வகைச் சார்ஜர் மின்னழுத்தத்தைப் பார்த்தே அறிகிறது. நிரம்பும் தறுவாயில் மின்னழுத்தம் உச்சிக்கு ஏறி, பிறகு செல்லுக்கு ஐந்து பத்து மில்லி வோல்ட் அளவு இறங்கும். அந்தச் சிறு இறக்கமே நிறுத்துவதற்கான அடையாளம். தகட்டில் துருவோ பச்சைக் களிம்போ படிந்திருந்தால் அங்கே ஒரு தடை உண்டாகிறது, அதன் மேல் விழும் மின்னழுத்தத்தையும் செல்லின் மின்னழுத்தம் என்றே சார்ஜர் எடுத்துக்கொண்டு, வரம்பைத் தாண்டிவிட்டது அல்லது இறங்கிவிட்டது என்று முன்னதாகவே நிறுத்திவிடுகிறது.

இதைச் சார்ஜரைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். செல் ஏறிக்கொண்டிருக்கும்போது மீட்டரின் ஒரு முனையைச் செல்லின் முனையிலும் மறு முனையை அதைத் தொடும் தகட்டிலும் வையுங்கள். நல்ல தொடர்பு என்றால் சில மில்லி வோல்ட்தான் இருக்கும். 200 மில்லி வோல்ட் இருந்தால், 500 மில்லி ஆம்பியர் ஓட்டத்தில், அந்த இடத்தில் மட்டும் 0.4 ஓம் உட்கார்ந்திருக்கிறது. சார்ஜரைப் பிளக்கிலிருந்து எடுத்துவிட்டு, பென்சில் அழிப்பானால் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். உப்புத்தாள் போட வேண்டாம். மேலிருக்கும் நிக்கல் பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்காலத்துக்குள் முன்னைவிட மோசமாகத் துருப்பிடிக்கும். டிரான்ஸ்மிட்டரின் செல் அறையையும் இதே போலத் துடைப்பது நல்லது. விடிய விடிய ஆடுபவரின் வியர்வை உப்பு அங்கே இறங்குகிறது.

கையால் தொட்டுப் பார்ப்பதும் பெரிய சோதனைதான். நிரம்பி முடியும் நேரத்தில் செல் இளஞ்சூடாக இருக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்தும் குளிர்ந்தே இருந்தால் அது நிரம்பவில்லை. பிடிக்க முடியாத சூடு என்றால் நிறுத்த வேண்டிய இடத்தைச் சார்ஜர் தவறவிட்டுவிட்டது, உடனே எடுத்துவிட வேண்டும்.

பொருநைக்கரை எழுதியது:

சூட்டைப் பற்றிச் சொன்னதால் இதையும் எழுதுகிறேன். மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கத்திலும், வெயிலில் நிற்கும் வேனுக்குள்ளும் வைத்துச் சார்ஜ் ஏற்றும் வழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. வெப்பம் 45 டிகிரியை நெருங்கினால் நிக்கல் செல் உள்ளே போவதைச் சரியாக ஏற்றுக்கொள்ளாது. நிறுத்தும் அடையாளமும் மங்கிவிடும். நம் ஊர்க் கத்திரி வெயிலில் பூட்டிய வண்டிக்குள் அந்த அளவு எளிதில் வந்துவிடும். வீட்டில், இரவில், காற்றாடிக்கு அடியில் ஏற்றுவதே நல்லது.

இன்னொரு வழக்கம், சார்ஜ் ஏற்றும் முன்பு டார்ச் பல்பில் மாட்டி அடியோடு வற்றவிடுவது. அது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம். இந்தச் செல்லை ஒரு வோல்ட்டுக்குக் கீழே இறக்கவே கூடாது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

தென்காசிச் சாலை எழுதியது:

உள்ளே 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி வைத்த தள்ளுவண்டி ஸ்பீக்கரை ஊர்வலங்களுக்குக் கொண்டுபோகிறவன் நான். அதிலும் இதே பாடம் என்பதால் இடையில் எழுதுகிறேன். நிரம்பிய பேட்டரி சில மணி நேரம் ஓய்வில் இருந்த பிறகு 12.7 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். என்னுடையது 12.6 காட்டியது, ஆனால் ஒலியைக் கூட்டியதும் 10.5 க்குக் கீழே விழுந்தது. பேட்டரி போய்விட்டது என்று மாற்றினேன். புதியதும் ஓராண்டில் அப்படியே ஆயிற்று. பிறகுதான் சார்ஜரை அளந்தேன். அது 13.1 வோல்ட்டுக்கு மேல் ஏறவே இல்லை. அடிக்கடி காலியாகும் பேட்டரிக்கு 14.4 வோல்ட் அளவு வேண்டும். பல மாதங்கள் அரைகுறையாக நிரம்பியே கிடந்ததால் தகட்டில் சல்பேட் இறுகிவிட்டது. சார்ஜரை முதலில் அளந்திருந்தால் ஒரு பேட்டரி தப்பியிருக்கும்.

நாங்குநேரி ஒலிக்காரர் எழுதியது:

அண்ணாச்சிமார்கள் சொன்னபடியே செய்தேன். வலப்பக்கத்தில் மூன்றாம் அறையின் எதிர்முனைத் தகட்டுக்கும் செல்லுக்கும் இடையே 240 மில்லி வோல்ட் இருந்தது. தகட்டின் ஓரத்தில் பச்சைக் களிம்பு கண்ணுக்கே தெரிந்தது. இவ்வளவு நாளும் அதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். துடைத்த பிறகு 12 மில்லி வோல்ட் ஆகிவிட்டது, விளக்கு பச்சையாக ஐந்து மணி ஐம்பது நிமிடம் எடுத்துக்கொண்டது, செல்லும் இளஞ்சூடாக இருந்தது.

பதினாறு செல்களில் ஐந்து சுமையில் 1.2 வோல்ட்டுக்குக் கீழே போய்விட்டன. ஒரு நண்பரின் அளவுகாட்டும் சார்ஜரில் மீதி பதினொன்றையும் போட்டுப் பார்த்ததில் 2100 முதல் 2250 மில்லி ஆம்பியர்-மணி வரை கிடைத்தது. இவற்றை மேடைக்குக் கொண்டுபோகலாமா? ஐந்து செல்லை மட்டும் புதிதாக வாங்கிச் சேர்க்கலாமா?

பாளை ரிப்பேர் மேசை எழுதியது:

அச்சிட்ட அளவில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் இருப்பதால் அந்தப் பதினொன்றும் மேடைக்குத் தகும். பழையதையும் புதியதையும் ஒரே டிரான்ஸ்மிட்டரில் கலக்க வேண்டாம். அளவு நெருங்கிய இரண்டிரண்டைச் சேர்த்து ஐந்து சோடியாக்கி, எண்ணோடு ஓர் எழுத்தும் எழுதி, அந்தச் சோடி எப்போதும் சேர்ந்தே ஏறிச் சேர்ந்தே இறங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் ஒற்றைச் செல் சுவர்க்கடிகாரத்துக்கு ஆகும். ஐந்து சோடி நான்கு டிரான்ஸ்மிட்டருக்குப் போதும் என்றாலும் ஒரே ஒரு மாற்றுச் சோடிதான் கையில் இருக்கும். ஆதலால் புதியதாக நான்கு வாங்குங்கள்.

வாங்கும்போது அச்சிட்ட எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். இந்த அளவுச் செல்லில் 3000 க்கு மேல் போட்டிருந்தால் அதை நம்ப இயலாது. 2000 அளவில், சும்மா கிடக்கும்போது தானாகச் சார்ஜ் இறங்குவது குறைந்த வகையை வாங்குவதே நம் தொழிலுக்கு ஏற்றது. சான்யோ நிறுவனம் 2005 இல் எனலூப் என்ற பெயரில் கொண்டுவந்த பிறகு பரவிய வகை அது. இரண்டு கொடைகளுக்கு இடையே இருபது நாள் பையில் கிடந்தாலும் பெரும்பகுதி அப்படியே இருக்கும். போலி என்று ஐயம் வந்தால் நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். நல்ல செல் 26 கிராமுக்கு மேல் இருக்கும், அதைவிட மிகவும் இலேசாக இருந்தால் உள்ளே சரக்கு இல்லை.

கெட்ட ஐந்தையும் குப்பையில் போட வேண்டாம். 2022 ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு; புதியதை வாங்கும் கடையிலேயே கேட்டுப் பாருங்கள்.

நாங்குநேரி ஒலிக்காரர் எழுதியது:

சோடி சேர்த்து எழுதிவிட்டேன். நேற்று மாலை ஆறு மணிக்கு நான்கு டிரான்ஸ்மிட்டரையும் வீட்டிலேயே இயக்கி வைத்தேன். இரவு இரண்டு மணிக்கு நான் பார்த்தபோது நான்கும் ஓடிக்கொண்டிருந்தன. இருந்தாலும் வரும் வெள்ளிக்கிழமைக் கொடையில், சாமக்கொடைக்கு முன்பு அண்ணாவி தண்ணீர் குடிக்க நிற்கும் இடைவேளையில், அவருடைய சோடியை மாற்றிவிட முடிவு செய்திருக்கிறேன். சட்டைப் பையில் ஓர் ஆல்கலைன் சோடியும் இருக்கும்.