வினைலா, சி.டி.யா: சொந்த வெளியீட்டில் நேர்ந்த அனுபவங்கள்

முதல் பதிவு

ஆல்பம் வினைல் இசைத்தட்டில்தான் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். மொத்தம் 51 நிமிடம் ஓடுகிறதே, பக்கத்துக்கு 25 நிமிடத்தைத் தாண்டுகிறதே என்று மாஸ்டரிங், அதாவது வெளியீட்டுக்கு முன் ஒலியைச் செம்மைப்படுத்தும் வேலை, செய்தவர் எச்சரித்தும் நான் கேட்கவில்லை. மாதிரித் தட்டு வந்த அன்று பாடகியும் நானும் அருகருகே உட்கார்ந்து கேட்டோம். முதல் பக்கத்தின் கடைசிப் பாடலில், ஒற்றைக் கிட்டாருக்கு மேல் அவர் குரல் எழுந்தபோது, 'ச' வரும் இடமெல்லாம் ஈர விறகு எரிவதுபோல் சீறியது. தட்டு நின்ற பிறகும் அவர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்து, "நான் இப்படியா பாடினேன்?" என்று கேட்டார். அச்சுக்கு மூலமான லாக்கர் தட்டை மறுபடி வெட்டப் பணம் இல்லாததால் 300 தட்டுகளையும் அப்படியே அச்சிட்டோம். இனி எனக்கு சி.டி. மட்டுமே.

மறுமொழி

தங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் பழியை வினைல்மேல் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எனக்கு வந்த மாதிரித் தட்டில் நடுத்துளை விலகியிருந்ததால் வயலினின் நீண்ட சுரம் ஊஞ்சல்போல் ஆடியது. திருப்பி அனுப்பினேன், அவ்வளவுதான். 12 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுழல்கிறது, அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. அந்த நேரத்தில் முள் விளிம்பில் சுமார் 92 செ.மீ. தூரம் போகிறது, நடுவில் ஒட்டிய லேபிளுக்கு அருகிலோ சுமார் 38 செ.மீ. தான். அதே ஒலி பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கப்படும்போது 'ச', 'ஸ' ஒலிகள்தாம் முதலில் சிதையும். ஆகவே குரல் முன்னிற்கும் பாடலைப் பக்கத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுவாருங்கள், பக்கத்தை 20 நிமிடத்துக்குள் நிறுத்துங்கள், முள் துள்ளாமலிருக்க பேஸ் எனும் தாழ்ந்த ஒலியை இட, வலச் சேனல்கள் இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். பாடல் வரிசையை முடிவு செய்யும் முன்பே லாக்கர் வெட்டுபவரிடம் பேசியிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

மறுமொழி

கையில் காசில்லாமல் நிற்பவரிடம் இதைச் சொல்லி என்ன பயன்? 74 நிமிடம் கொள்ளும் சி.டி.யில் கடைசிப் பாடலும் முதல் பாடலைப் போலவே தெளிவாக ஒலிக்கும். அதனால்தான் நாங்கள் அதைத் தேர்ந்தெடுத்தோம். ஆனாலும் ஒரு காட்சி என் மனத்தை விட்டு அகலவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் எங்கள் மேசைக்கு வந்த ஒருவர் சி.டி. உறைக்குள் இருந்த சிறு புத்தகத்தை எடுத்து, 12 பக்கங்களையும் உதடு அசைய, நின்றபடியே படித்தார். பிறகு அதை மடிப்புக் கலையாமல் உள்ளே செருகி, "இதைப் போட்டுக் கேட்க வீட்டில் ஒன்றும் இல்லையே" என்று சொல்லி மேசையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த நிகழ்ச்சிக்குள் அந்தப் புத்தகத்தைப் பதிவிறக்கக் குறியீட்டுடன் தனியே அச்சிட்டு வைத்தோம், அவர் வரவில்லை.