எல்.இ.டி.க்கு மாறியதும் மான்டிபோரா வெளுக்கிறது: விளக்கை மாற்றவா, திருகைக் குறைக்கவா?

மூணடித்தொட்டி (செங்காங், சிங்கப்பூர்):

வணக்கம். என்னுடையது 90 × 45 × 45 செ.மீ. கடல்நீர்ப் பவளத் தொட்டி. கீழே சம்ப் (வடிகட்டும் தொட்டி), சில்லர் (நீரைக் குளிர்விக்கும் கருவி) 26 டிகிரியில் ஓடுகிறது. இதுவரை 39 வாட் டி5 குழல் விளக்கு நான்கு எரித்துக்கொண்டிருந்தேன். குழல்கள் பழசாகிவிட்டன, புதுசு தேடி அலுத்துவிட்டது. அதனால் 165 வாட் என்று போட்டு விற்கும் சீனத்து பிளாக் பாக்ஸ் (கறுப்புப் பெட்டி எல்.இ.டி. விளக்கு) இரண்டு வாங்கி, தண்ணீர் மட்டத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க இரண்டு திருகு. நீலம் முக்கால், வெள்ளை பாதி. காலை 11 மணிக்கு எரிந்து இரவு 9 மணிக்கு அணையும்.

இப்போது பிரச்சினை. மேல் பாறையில் இருக்கும் பச்சை மான்டிபோரா (ஒரு கடினப் பவளம்) மேட்டுப்பக்கத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வருகிறது. ஹேமர் பவளம் பகல் முழுக்கப் பாதிதான் விரிகிறது, விளக்கு அணைந்த பிறகு கொஞ்சம் தாராளமாகிறது. மணலில் இருக்கும் மஷ்ரூம், ஓரத்தில் இருக்கும் லெதர் ஆகிய இரண்டு பவளத்துக்கும் ஒரு குறையும் இல்லை. உப்பு 1.025, கே.எச். (காரத்தன்மை) 8.2, நைட்ரேட் 2, பாஸ்பேட் 0.02.

வீட்டில் என் மனைவி தொட்டி இருட்டாக இருக்கிறது, வெள்ளையைக் கூட்டுங்கள் என்கிறார். கடையில் விசாரித்தால் வெளிச்சம் போதவில்லை என்கிறார்கள். கைபேசியில் லக்ஸ் செயலி போட்டுப் பார்த்தேன், டி5-ஐ விடக் குறைவாகத்தான் காட்டுகிறது. பிறகு ஏன் வெளுக்கிறது? பேசாமல் ஹைட்ரா, ரேடியான் மாதிரி பிராண்டு விளக்கு ஒன்றுக்குப் போய்விடலாமா? விலையைப் பார்த்தால் கொஞ்சம் தலை சுற்றுகிறது.

நானோகடல்:

ப்ரோ, ரேடியான் வாங்கி ஏபி பிளஸ் என்கிற அமைப்பைப் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன், டார்ச் பவளம் செம கலர். பிளாக் பாக்ஸ் எல்லாம் காசுக்குக் கேடு.

உப்புத்தண்ணி (ஈசூன்):

தம்பி, விளக்கை மாற்ற வேண்டாம். நானோகடல் சொல்வது நல்ல விளக்குதான், ஆனால் அதையும் இதே உயரத்தில் இதே வேகத்தில் போட்டிருந்தால் இதே மான்டிபோரா இதே மாதிரி வெளுத்திருக்கும். உங்கள் தொட்டியில் வெளிச்சம் குறைவு இல்லை, அதிகம். தொட்டியைப் பார்க்காமலே எப்படிச் சொல்கிறேன் என்றால், நீங்களே சொல்லிவிட்டீர்கள்: விளக்குக்கு நேர் கீழே உயரத்தில் இருப்பது வெளுக்கிறது, தாழ்வில் இருப்பதும் ஓரத்தில் இருப்பதும் நன்றாக இருக்கின்றன. வெளிச்சம் போதாத பவளம் இப்படி வெளுக்காது, பழுப்பாகும். உள்ளே குடியிருக்கும் பாசி, கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் பிடித்துக்கொள்ள நிறமியைக் கூட்டும், எண்ணிக்கையிலும் பெருகும். வெளிச்சம் மிஞ்சினால் நடப்பது வேறு. ஒளிச்சேர்க்கை தாங்காமல் நச்சு ஆக்சிஜன் உண்டாகிறது, பவளம் அந்தப் பாசியையே வெளியே தள்ளுகிறது. அதனால்தான் வெயில் படுகிற மேட்டில் முதலில் வெளுக்கும்.

கண்ணுக்கு ஏன் இருட்டு? நம் கண்ணுக்குப் பச்சைதான் பிடிக்கும். 555 நானோமீட்டரில் அதன் கூர்மை உச்சம். உங்கள் விளக்கின் நீல எல்.இ.டி. 450 பக்கம் எரிகிறது. அங்கே கண்ணின் கூர்மை உச்சத்தில் நூற்றுக்கு நாலு பங்குகூட முழுசாக இல்லை. 420 ஊதாவுக்குப் போனால் அரைப் பங்கும் தேறாது. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கென்று வகுத்த கணக்கு, ஆகையால் கைபேசிச் செயலியும் கண் சொல்வதையே திருப்பிச் சொல்லும். டி5-இல் வெள்ளைக் குழல் இருந்தால் அது அதிக லக்ஸ் காட்டும். பவளத்துக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதற்குள் இருக்கும் பாசிக்கு நீலம்தான் சாப்பாடு, தெளிந்த கடலில் ஆழத்துக்குப் போக மீதியாக இருப்பதும் அந்த நிறம்தான். சிவப்பைத் தண்ணீர் மேலேயே விழுங்கிவிடும். (நம் சிங்கப்பூர்க் கடல் தெளிந்த கடல் இல்லை. இங்கே கலங்கல் அதிகம், பவளம் பெரும்பாலும் மேலே ஆறேழு மீட்டருக்குள்தான் வாழ்கிறது. ஆனாலும் 250-க்கும் மேற்பட்ட கடினப் பவள இனங்கள் பதிவாகியிருக்கின்றன. யாராவது "பவளம் என்றால் ஒளிவெள்ளம் வேண்டும்" என்று பேசினால் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.)

ஆகவே பார் மீட்டர் இல்லாமல் திருகைத் தொடாதீர்கள். 400 முதல் 700 நானோமீட்டர் வரை விழும் ஒளித்துகள்களை எண்ணும் கருவி அது. அப்போஜியின் எம்க்யூ-510 தண்ணீருக்குள் விடத் தோதானது. சொந்தமாக வாங்குவது வீண் செலவு, ஒரு சாயங்கால வேலைக்கு யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய மாடல் எம்க்யூ-200 நீலத்தைக் குறைத்துக் காட்டும், அதைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அளக்கும்போது மையத்தில் மட்டும் அளக்காதீர்கள். ஒவ்வொரு பவளத்தின் தலைமேலும் சென்சாரை வையுங்கள். பம்ப் ஓடட்டும், அலை ஆடும்போது எண் தாவும், சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்டர் காட்டும் எண், ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு விழும் மைக்ரோமோல் ஒளித்துகள். மஷ்ரூம், லெதர், ஜோவா இவற்றுக்கு 50 முதல் 100. ஹேமர், டார்ச் வகையறாவுக்கு 80 முதல் 150. மான்டிபோராவுக்கு 150 முதல் 250. அக்ரோபோராதான் 250-க்கு மேல் கேட்கும். இவை கோடு போட்ட எல்லைகள் இல்லை, ஆனால் தொடங்க உதவும்.

அளந்து வந்து எழுதுங்கள்.

மூணடித்தொட்டி:

அண்ணே, மீட்டர் கிடைத்தது. மான்டிபோரா மேட்டில் 430. ஹேமர் 210. மணல் நடுவில் 115. லெதர் இருக்கும் மூலையில் 70. பார்த்ததும் பயந்துபோனேன். மனைவியிடம் காட்டினேன். "எண்ணைப் பார்த்தாலும் இருட்டு இருட்டுதானே" என்கிறார்.

சென்னைக்காரன்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் சென்னையில் இதே மூன்றடித் தொட்டி வைத்திருக்கிறேன், இப்போதைக்கு மீன் மட்டும்தான். ராமேஸ்வரம் பக்கமிருந்து பவளம் எடுத்துத் தர ஒருவர் இருக்கிறார். இந்த விளக்கு அமைப்பு அதற்கும் சரிப்படுமா?

முத்துநகர் (தூத்துக்குடி):

விளக்கு சரிப்படும், சட்டம் சரிப்படாது. இந்தியாவில் கடினப் பவளம் அத்தனையும் 1972-ஆம் ஆண்டு காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2001-இல் வந்துவிட்டன. கடல்விசிறி, கரும்பவளம், நெருப்புப் பவளமும் அதில் உண்டு. உயிருள்ளதா, செத்ததா என்கிற பேதம் கிடையாது, எடுப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் தேசியப் பூங்காவானது 1986-இல். அதற்கு முன்னால் எங்கள் ஊரில் பவளத்தை வண்டி வண்டியாக வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோனார்கள், கடலில் அந்தத் தழும்பு இன்னும் ஆறவில்லை. "எடுத்துத் தருகிறேன்" என்பவரை நம்பி மாட்டிக்கொள்ளாதீர்கள். தொட்டியில் மீனும் கடல்பாசியும் போதும், அதற்கு இவ்வளவு விளக்கும் தேவையில்லை.

உப்புத்தண்ணி:

முத்துநகர் சொன்னதற்கு மேல் அங்கே சொல்ல ஒன்றும் இல்லை.

தம்பி, 430 என்றால் மான்டிபோரா இன்னும் உயிரோடு இருப்பதே பெரிது. கணக்கைப் பாருங்கள். நாளொன்றுக்கு விழும் மொத்த ஒளி என்பது இந்த எண்ணை எரியும் நொடிகளால் பெருக்குவது. 430 × 36,000 நொடி, அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 15.5 மோல். உங்கள் பழைய குழல்கள் அந்த இடத்தில் 150 கொடுத்திருந்தாலே ஜாஸ்தி, அது 5.4 மோல்தான். ஒரே இரவில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு ஏற்றிவிட்டோம். காரிடார் நிழலில் வளர்ந்த கறிவேப்பிலைத் தொட்டியைத் தூக்கி மொட்டை வெயிலில் வைத்தால் இலை என்ன ஆகும்? அதேதான்.

முதல் வேலை, விளக்கைத் தூக்குவது. ஒரு சாண் போதாது, 35 முதல் 40 செ.மீ. வரை ஏற்றுங்கள். பிளாக் பாக்ஸின் பெரிய குறை வாட் இல்லை, அந்த 90 டிகிரி லென்ஸ். கிட்டத்தில் வைத்தால் நேர் கீழே குண்டு வெளிச்சம், ஓரத்தில் நிழல். தூக்கினால் மேடும் மூலையும் ஓரளவு சமமாகும், மணலில் நெளியும் கூர்மையான வெளிச்சக்கோடும் மென்மையாகும். மொத்தத்தில் கொஞ்சம் சிந்தி வீணாகும், பரவாயில்லை, உங்களிடம் உபரிதான் இருக்கிறது. கூரையில் கொக்கி அடிக்கும்போது எஃகுக் கம்பி போடுங்கள், நைலான் கயிறு வேண்டாம். வயரை ஒரு தொங்கல் விட்டுப் பிளக்குக்கு ஏற்றுங்கள், அப்போதுதான் வழியும் நீர் பிளக்குக்குள் போகாது.

பிறகு மீட்டரை மான்டிபோரா தலையில் வைத்துக்கொண்டே இரண்டு திருகையும் இறக்கி 170, 180-க்குக் கொண்டு வாருங்கள். அந்த இடத்தில் திருகின் மேல் மார்க்கர் பேனாவால் கோடு போடுங்கள். அதில் எண் கிடையாது, துடைக்கும்போது கைபட்டால் தொலைந்தது. ஹேமர் அப்போது தானாக நூறுக்குப் பக்கத்தில் வந்துவிடும். மணல் ஐம்பது அறுபதுக்கு இறங்கும், மஷ்ரூம் கவலைப்படாது.

நேரம். நீலத்தை மதியம் 1 முதல் இரவு 9 வரை வையுங்கள். உங்கள் பெட்டியில் நீலத்துக்கும் வெள்ளைக்கும் தனித்தனி வயர் இருக்கும், தனித்தனி டைமர் போடலாம். வெள்ளையை சாயங்காலம் 6 முதல் 9 வரை மட்டும் எரியவிடுங்கள். வீட்டில் ஆள் இருக்கும் நேரம் அதுதானே? உங்கள் மனைவிக்குத் தொட்டி வெளிச்சமாக இருக்கும், பவளத்துக்கும் கேடில்லை. அந்த 180-ஐ இரண்டும் எரியும்போது அளந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பகல் முழுக்க வெள்ளையை எரித்தால் கண்ணாடியில் பாசி படியும், சுரண்டிச் சுரண்டிக் கை வலிக்கும்.

அப்புறம் வாரத்துக்கு ஒரு முறை துளித்துளியாக ஏற்றுங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம். விரிவது சுருங்கினால் பழைய கோட்டுக்குத் திரும்புங்கள். 230, 240 வந்ததும் நிறுத்திவிடலாம். அதற்குமேல் ஏற்றி என்ன சாதிக்கப்போகிறோம்? செயலியால் இயக்கும் விளக்குகளில் இதைத்தான் பழக்கப்படுத்தும் முறை என்று ஒரு பொத்தானாக வைத்திருக்கிறார்கள். நீங்கள் கேட்ட பிராண்டு விளக்கில் காசுக்குக் கிடைப்பது இதுதான்: தானாக ஏறி இறங்கும் விடியல், அந்தி, ஊதா வரிசை, பரவலான ஒளி, சத்தம் குறைந்த மின்விசிறி, பழுதானால் உதிரிபாகம். நல்ல விஷயங்கள்தான். ஆனால் 450 நானோமீட்டர் ஒளித்துகளில் விலைச்சீட்டு ஒட்டியிருப்பதில்லை.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது. உங்கள் நைட்ரேட் 2, பாஸ்பேட் 0.02. இவ்வளவு வெளிச்சத்துக்கு இது பட்டினி. ஒளி அதிகம், சத்து இல்லை என்றால் வெளுப்பது நிச்சயம். மீனுக்குக் கொஞ்சம் தாராளமாகத் தீனி போடுங்கள், பாஸ்பேட் உறிஞ்சும் குருணை ஓடினால் எடுத்துவிடுங்கள். நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.05 பக்கம் வந்தால் எனக்குத் திருப்தி. தண்ணீரை வடிகட்டப் புதுக் கரி போடும் வாரத்தில் திருகைத் தொடாதீர்கள். கரி தண்ணீரின் மஞ்சளை எடுத்துவிடும், வெளிச்சம் தானாக ஏறும்.

சில்லரையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். 1998, 2010, 2016, 2024 என்று இங்கே கடலில் பவளம் வெளுத்த ஒவ்வொரு முறையும் காரணம் சூடுதான், வெளிச்சம் அதற்குத் துணைபோனது. தொட்டியிலும் அப்படியே. சில்லர் நின்று 31-க்குப் போனால், மற்றதெல்லாம் பிறகு, முதலில் விளக்கை அணையுங்கள்.

மூணடித்தொட்டி:

ரொம்ப நன்றி அண்ணே. விளக்கைத் தூக்கிவிட்டேன். மான்டிபோரா மேட்டில் 175, ஹேமர் 95. ஹேமர் இன்று மதியமே முழுசாக விரிந்தது, நம்பவே முடியவில்லை. ஒரு சின்ன சந்தேகம். ராஸ் மீன் குதிக்கிறது என்பதால் வலை மூடி போடப்போகிறேன். அளக்கும்போது மூடியை எடுத்துவிட்டு அளக்க வேண்டுமா?

உப்புத்தண்ணி:

மூடியோடு அளக்க வேண்டும். பவளத்துக்கு அந்த வலை வழியாகத்தான் வெளிச்சம் வருகிறது. கண்ணி சின்னதாக இருந்தால் கணிசமாகக் குறையும், உப்பு படிந்தால் இன்னும் குறையும். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள். வலை வந்த பிறகு மீட்டரை மறுபடி ஒரு முறை இரவல் வாங்கி 175 இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கோட்டை நகர்த்துங்கள். விளக்கின் அடிக்கண்ணாடியிலும் உப்புத் தெறித்திருக்கும், அதையும் துடைத்துவிட்டு அளங்கள்.